பன்னிரண்டாவது கடிதம்

ரெஜைனா நகரில் பல்செட் கடைக்கு மேல்
இரண்டே அறை எங்கள் அலுவலகம்.
மாகாணம் முழுக்க மூச்சுக்கு வைத்தியம் பார்க்கும்
முந்நூற்றுச் சொச்சம் பேரின் உரிமங்கள்
இந்த இரும்பு அலமாரியில்.
சந்தா வாங்குவேன். புகார் பதிவேன்.
பதிவாளர் மார்லா ஹ்ரிட்சக் சொல்லச் சொல்ல
அமைச்சகத்துக்குக் கடிதம் அடிப்பேன்.

பதினோரு கடிதம் போயிற்று.
பதினொன்றுக்கும் ஒரே பதில்:
"தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது."
கீழே கையெழுத்து மட்டும் மாறியது,
மூன்று அமைச்சர்கள் வந்து போனதால்.

கேட்டது பெரிதில்லை. ஒரு துணைவிதி.
தண்டிக்கப்பட்டவர் பெயரை
ஊரறியச் சொல்லலாம் என்று ஒற்றை வரி.
அது இல்லாததால்,
எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு
இரவுப் பணியில் தூங்கிய ஒருவன்,
தனியே வேலை பார்க்கக் கூடாதென்ற எங்கள் ஆணையைச்
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
வேறோர் ஊரில் தனியே வேலை பார்க்கிறான்.
எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியும்.
அந்த ஊருக்குத் தெரியாது.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
பன்னிரண்டாவது கடிதம் பாதியில் நிற்கையில்
"விடு" என்றாள் மார்லா. பூட்ஸை மாட்டினாள்.
உறைந்த ஏரியோரம்
கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.

நான்காம் மாடியில் டெல்பர்ட் ஒகேமாசிஸ்,
கொள்கைப் பிரிவு. மேசையில் பாதி தின்ற மஃபின்.
எங்கள் கடிதங்களைத் தேடவே இல்லை, சட்டென்று எடுத்தார்.
பதினொன்றும் இருந்தன, தேதிவாரியாக,
"தொழிற்சங்கங்கள்" என்று எழுதிய கோப்பில்.

"சம்பளம் கேட்கிறீர்கள் என்றல்லவா இருந்தோம்.
எங்கள் உறுப்பினர்கள், எங்கள் உறுப்பினர்கள் என்று
முதல் பக்கத்திலேயே ஒன்பது முறை.
கட்டிலில் கிடப்பவர் எங்கே?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.
அடித்தது நான்தான்.

மார்லா சீறுவாள் என்று காத்திருந்தேன்.
அவளோ கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.
"சுவாசக் கருவியில் அழுத்தம் குறைந்தால்
காற்று உள்ளே போகாது.
கூடினால் நுரையீரல் கிழியும்.
இருபத்திரண்டு வருஷம் அந்தக் குமிழைத் திருப்பியவள் நான்.
உங்களிடம் மட்டும்
முள்ளைப் பார்க்காமல் ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்."

பிறகு எந்தக் கடிதமும் ஒரு பக்கம் தாண்டவில்லை.
கெட்ட செய்தியைப் பத்திரிகைக்கு முந்தி
நாங்களே போய்ச் சொன்னோம்.
மஃபின் எந்தக் கடையில் என்றுகூட
எனக்குத் தெரிந்துபோனது.

ஏப்ரலில் மறுதிசையிலிருந்து வந்தது போன்.
அமைச்சர் அலுவலகம். தேன் தடவிய குரல்.
வடக்கே ஒரு மருத்துவமனையில் ஆளில்லையாம்.
தேர்வில் தவறிய நான்கு பேருக்கு
இந்த ஒருமுறை மட்டும் உரிமம் தரலாமே,
உங்கள் துணைவிதிகூட மேசைமேல்தான் இருக்கிறது.

"முடியாது" என்றாள்.
ஆனால் போனை வைக்கவில்லை.
"மூவரை உதவியாளராகச் சேர்க்கலாம்.
உரிமம் உள்ளவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.
மாதம் ஒருமுறை நானே வந்து பார்ப்பேன்.
நாலாமவர் வேண்டாம்.
ஏனென்று கேட்டால் சொல்கிறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
துணைவிதி போயிற்று என்று
மனதுக்குள் எழுதிவிட்டேன்.
"ஏன்?" என்றது குரல்,
இம்முறை தேன் இல்லாமல்.

ஜூனில் கையெழுத்தானது.
வியாழக்கிழமை, தூறல். யாரும் கேக் வாங்கவில்லை.
முதலில் வெளியிட வேண்டிய பெயரைத்
துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள் மார்லா.

எழுதித் தந்திருக்க வேண்டாம்.
ஒவ்வொரு பிப்ரவரியும்
முதல் ஆளாய்ச் சந்தா கட்டி,
காசோலையோடு எனக்கென்று
நன்றி எழுதி வைப்பவன்.

கீழே பல்செட் கடையில் அரவை இயந்திரம் ஓடியது.
அது நிற்கும்வரை பொறுத்திருந்து
எழுத்தெழுத்தாக அடித்தேன்.
மூன்று முறை சரிபார்த்தேன்,
ஓர் எழுத்துத் தவறினாலும்
அது வேறொருவன் பெயர்.